ரெண்டும் ஒரே ராக்கெட் இல்ல சார்

ஆசிரியர் சாருக்கு வணக்கம். காசிமேட்டுல போட்டு இஞ்சின் வேலை பாக்குறவன் எழுதுறேன், எழுத்துப்பிழை இருந்தா நீங்களே திருத்திப் போட்டுக்கோங்க.

போன வாரம் டீக்கடைல உங்க பேப்பரை வெச்சுக்கினு ஒரே சண்டை. எதிரி ஏவுகணைய நடுவானத்துல அடிக்கிற இடைமறிப்பு ராக்கெட் பத்தி நியூஸ், பக்கத்துல போட்ட படம் பாத்தா சேட்டிலைட்டை மேல கொண்டு போற பிஎஸ்எல்வி ராக்கெட்! உடனே எங்க செட்டு ஆளு ஒருத்தர், "ரெண்டும் ஒண்ணுதான்யா, பெயின்ட்டு மட்டும்தான் வேற"ன்றாரு.

முழுசா தப்புன்னும் சொல்ல முடியாது. 1980ல ரோகிணி சேட்டிலைட்டை மேல ஏத்துன எஸ்எல்வி-3 ராக்கெட் இருக்கே, அதோட முதல் அடுக்கு மோட்டாரைத்தான் 1989ல அக்னி ஏவுகணைக்கு அடில வெச்சு வுட்டாங்க, ரெண்டுலயும் கலாம் சார் கை இருக்கு. அமெரிக்காக்காரன் அலாஸ்காவுல குழிக்குள்ள நிறுத்தி வெச்சிருக்குற இடைமறிப்பு ராக்கெட்டும் பெகாசஸ்னு ஒரு சேட்டிலைட் ராக்கெட்டோட மோட்டார் வம்சம்தான்.

ஆனா வேலை வேற சார். 2019 ஜனவரி 24 ராத்திரி 11.37க்கு நான் மொட்டை மாடில நின்னேன், இங்கருந்து ஸ்ரீஹரிகோட்டா நேரா 70 கிலோமீட்டர்தான் வரும், எண்ணூர் புகைபோக்கிங்களத் தாண்டி பிஎஸ்எல்வி ஆரஞ்சு கலர்ல எழும்பி அப்படியே கடல் பக்கம் சாஞ்சு போச்சு. அதுல போனதுதான் மைக்ரோசாட்-ஆர்னு ஒரு சேட்டிலைட்டு, 740 கிலோ, பதிமூணு நிமிஷ சொச்சத்துல 274 கிலோமீட்டர் உயரத்துல போய் உக்காந்துச்சு. ரெண்டே மாசம், மார்ச் 27 அன்னிக்கு ஒடிசா பக்கத்து தீவுல இருந்து கிளம்பின இடைமறிப்பு ராக்கெட் அதே சேட்டிலைட்டை மூணு நிமிஷத்துல காலி பண்ணிடுச்சு. பிஎஸ்எல்வி 44 மீட்டர், இது அதுல மூணுல ஒரு பங்குகூட இல்ல!

எப்படின்னா, உயரம் போறது பெரிய விஷயமே இல்ல, அங்க நிக்கறதுதான் விஷயம். மேல கல்லு வுட்டா மாதிரி 300 கிலோமீட்டர் போய் திரும்பி விழ நொடிக்கு ரெண்டரை கிலோமீட்டர் வேகம் போதும், ஆனா விழாம சுத்தணும்னா பக்கவாட்டுல நொடிக்கு ஏழரைக்கு மேல வேணும், அதுக்குத்தான் அவ்ளோ எரிபொருள், அவ்ளோ அடுக்கு. அடிக்கப் போறதுக்கு நிக்கிற கவலையே கிடையாது, சரியான நொடில சரியான இடத்துல இருந்தா போதும். குண்டுகூட வேணாம், சேட்டிலைட்டு வர்ற வேகமே அதை நொறுக்கிடும். கஷ்டம் எல்லாம் மூக்குல இருக்குற கண்ணுலயும், கடைசி நிமிஷத்துல இப்படி அப்படி தள்ளுற சின்ன ஜெட்டுங்கள்லயும்தான்.

இன்னொண்ணு, பிஎஸ்எல்விக்கு ரெண்டாவது, நாலாவது அடுக்கு திரவ எரிபொருள், ஒரு நாளைக்கு மேல கவுன்ட்டவுன் ஓடும், அதுக்குள்ள ரொப்பணும், டீசல் புடிச்சு ஏர் எடுத்து ஸ்டார்ட் பண்ற போட்டு மாதிரி. எதிரி ஏவுகணை அதுவரைக்கும் வெயிட் பண்ணுமா? அதான் இடைமறிப்பு ராக்கெட்டுக்கு கெட்டி எரிபொருள், தீபாவளி வாணம் மாதிரி வருஷக்கணக்குல ரெடியா கிடக்கும், பத்த வெச்சா போயினே இருக்கும்.

அதனால அடுத்த தபா படத்தைப் பாத்துப் போடுங்க. அப்படியே நைட்ல ராக்கெட் வுட்டா டைமை முதல் பக்கத்துல பெருசா போடுங்க சார், அன்னிக்கு வூட்டுக்காரம்மா கீழ பாத்திரம் கழுவிக்கினு இருந்துச்சு, கூப்பிடாம நான் மட்டும் பாத்தேன்னு இன்னிக்கு வரைக்கும் சொல்லிக்காட்டுது.

இப்படிக்கு,
காசிமேட்டு வாசகர்