வீடு மாறிப் போகும் அக்காவுக்கு

அன்புள்ள அக்கா,

லாரி எப்போது வரும் என்று கேட்டதும் நீங்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டீர்கள், ஏதோ தப்புப் பண்ணிவிட்டு ஊரைவிட்டுப் போகிற மாதிரி. அதனால்தான் எழுதுகிறேன்.

தெருவில் ரெண்டு விதமாகப் பேசுகிறார்கள். இடம் மாறினால் பையன் போன துக்கம் மறந்துவிடும் என்று சிலர். பிள்ளை ஓடியாடின வீட்டை விட்டுப் போக எப்படி மனசு வருகிறது என்று சிலர். ஸ்கூல் வேன் உங்கள் கேட்டைத் தாண்டும்போது மட்டும் ஹாரன் அடிக்காமல் போவதை இவர்கள் யாரும் கவனித்ததில்லை. டிரைவர் நல்ல மனசோடுதான் அப்படிச் செய்கிறார். ஆனால் அந்த நேரத்துக்கு நீங்கள் உள்ளே போய்க் குழாயைத் திறந்துவிடுவது எனக்குத் தெரியும். நீங்கள் வாசலுக்கு வந்தால் விளையாடுகிற பிள்ளைகள் சத்தத்தைக் குறைத்துக்கொள்கிறார்கள். இத்தனை கரிசனத்துக்கு நடுவில் ஒரு மனுஷி எவ்வளவு நாள்தான் இருப்பது?

பெரிய முடிவு எதையும் ஒரு வருஷம் தள்ளிப்போடச் சொல்வார்கள். நல்ல யோசனைதான். நீங்கள் அதற்கு மேலேயும் இருந்து பார்த்தாயிற்று.

மறப்பது என்கிறார்களே, அதற்கு ஒன்று சொல்கிறேன். துக்கம் என்பது போனவரிடமிருந்து மனசைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்தெடுப்பது என்று மனசை ஆராய்ந்த டாக்டர் சிக்மண்ட் ஃப்ராய்ட் 1917இல் வெளியான ஒரு கட்டுரையில் எழுதினார். 1920இல் அவருடைய மகள் சோஃபி காய்ச்சலில் போய்விட்டார். 1929இல், மகனைப் பறிகொடுத்த நண்பர் பின்ஸ்வாங்கருக்கு எழுதும்போது, இருந்திருந்தால் இன்று அவளுக்கு 36 வயது என்கிறார். அந்த இடத்தை எது நிரப்பினாலும் அது வேறாகத்தான் இருக்கும், அப்படித்தான் இருக்கவும் வேண்டும் என்கிறார். பிரித்தெடுக்கச் சொன்னவருக்கே வயசுக் கணக்கு விடவில்லை பாருங்கள்.

அண்ணன் பெட்டி கட்டுவதிலேயே குறியாக இருக்கிறார் என்று வருத்தப்பட்டீர்கள். அவருக்கு அழுகை கை வழியாக வருகிறதோ என்னவோ. விட்டுவிடுங்கள்.

அப்புறம், புது இடத்தில் எத்தனை குழந்தைகள் என்று கட்டாயம் கேட்பார்கள். இங்கே யாரும் கேட்டதில்லை, எல்லாருக்கும் தெரியும். ரெண்டு என்று சொல்லலாம். சொல்லத் தெம்பில்லாத நாளில் ஒரு பொண்ணு என்று நிறுத்திக்கொள்ளலாம். அதனால் அவன் உங்கள் பிள்ளை இல்லை என்று ஆகிவிடாது.

மாடிப்படிக்கு அடியில் நிற்கிற சைக்கிளை என்ன செய்வது என்று இப்போதே முடிவு பண்ண வேண்டாம். எங்கள் வீட்டில் வைத்துக்கொள்கிறேன், எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். அவன் பிறந்தநாளுக்கு போன் பண்ணுவேன். எடுக்கத் தோன்றவில்லை என்றால் எடுக்காதீர்கள், தப்பாக நினைக்க மாட்டேன்.

அன்புடன்,
எதிர்வீட்டுத் தங்கை