வாழைத்தோட்டத்துக்குச் சம்பளச் சீட்டு கிடையாது: ஷெங்கன் விசா அதிகாரிகளுக்கு ஒரு மடல்

இந்தியாவில் ஷெங்கன் விசா வழங்கும் தூதரகங்களின் விசா பிரிவு அதிகாரிகளுக்கு,

வணக்கம். திருச்சியில் சின்னதாக ஒரு டிராவல்ஸ் நடத்துகிறேன். சுற்றுவட்டாரத்தில் இருந்து ஐரோப்பா பார்க்கக் கிளம்புகிறவர்களுக்கு ஷெங்கன் விசா (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஒரே விசா) படிவம் நிரப்பி, காகிதங்களை வரிசையாக அடுக்கிக் கொடுப்பதுதான் என் முக்கால்வாசி வேலை. நீங்கள் என்னைப் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் அடுக்கிய கோப்புகள் சில உங்கள் மேசைக்கு வந்திருக்கும்.

போன சீசனில் வந்த ஒரு கோப்பைப் பற்றிச் சொல்கிறேன். எந்த நாட்டுத் தூதரகம் என்பது வேண்டாம், யாராக இருந்தாலும் இதையே செய்திருப்பீர்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

லால்குடிப் பக்கம் வாழை போடும் விவசாயி ஒருவர், அவர் மனைவி. இரண்டு பேரும் அறுபதைத் தொட்டவர்கள். பங்குக் கோவிலில் இருந்து ரோம், பிரான்ஸில் லூர்து, போர்ச்சுகலில் பாத்திமா என்று ஒரு திருயாத்திரைக் குழு கிளம்பியது. திருச்சிக்காரர்களுக்கு லூர்து தூரத்து ஊர் இல்லை. மெயின்கார்டு கேட் பக்கம் பஸ்ஸில் போனாலே லூர்து அன்னை கோவில் கோபுரம் கண்ணில் படும். அந்த அம்மாவுக்கு அசல் லூர்தைப் பார்க்க வேண்டும் என்பது கல்யாணமான காலத்து ஆசை.

குழுவில் எல்லோருக்கும் ஒரே டூர், ஒரே ஓட்டல், ஒரே திரும்பி வரும் டிக்கெட், நீங்கள் கேட்கும் 30,000 யூரோ மருத்துவக் காப்பீடும் ஒரே கம்பெனியில். அதே பங்கைச் சேர்ந்த வங்கி ஊழியருக்கு விசா வந்தது. இவர்கள் இருவருக்கும் வரவில்லை. பாஸ்போர்ட்டோடு வந்த தாளில் ஒரு கட்டத்தில் டிக் போட்டிருந்தது. விசா முடிவதற்குள் நீங்கள் திரும்பிப் போவீர்களா என்பதில் நியாயமான சந்தேகம் இருக்கிறது, அவ்வளவுதான். என்ன சந்தேகம், எந்தத் தாளைப் பார்த்து வந்தது என்று ஒரு வார்த்தை இல்லை.

உங்கள் சந்தேகம் எங்கே தொடங்கியிருக்கும் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. வங்கிக் கணக்கைப் பிரித்திருப்பீர்கள். மாதாமாதம் வரவு இல்லை. பல மாதம் சும்மா கிடக்கிறது, உர மூட்டைக்கும் கூலிக்கும் பணம் போய்க்கொண்டே இருக்கிறது. திடீரென்று பெரிய தொகை ஒன்று விழுகிறது, அதுவும் விண்ணப்பிக்கச் சில வாரம் முன்பு. விசாவுக்காக யாரிடமோ கைமாற்று வாங்கிப் போட்ட பணம் என்று நினைத்திருப்பீர்கள். அப்படிச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், நான் மறுக்கவில்லை. கணக்கு அறிக்கையையே போலியாக அச்சடித்துத் தரும் புண்ணியவான்களும் எங்கள் தொழிலில் உண்டு.

ஆனால் வாழைக்காரர் கணக்கு அப்படித்தான் இருக்கும். பூவன் கன்று நட்டால் தார் வெட்ட ஏறத்தாழ ஒரு வருடம் ஆகும். அதுவரை செலவுதான். ஆடிக் காற்றுக்கு மரம் சாயாமல் இருக்கச் சவுக்குக் கழி வாங்கி முட்டுக் கொடுக்க வேண்டும், அதற்கும் காசு. தார் வெட்டியபின் கமிஷன் மண்டியில் கணக்கு முடித்துத் தரும்போது மொத்தமாகக் கைக்கு வரும். வெட்டி முடித்து அடுத்த கன்று வைப்பதற்கு நடுவில் கிடைக்கும் இடைவெளியில்தான் அந்த மனிதர் ஊரை விட்டு நகர முடியும். ஆகவே வெளிநாட்டுக்கு விண்ணப்பிக்கும் நேரமும் கணக்கில் பணம் விழும் நேரமும் ஒன்றாக வருவதில் சூது எதுவும் இல்லை.

அடுத்து நீங்கள் கேட்கும் காகிதங்கள். மூன்று வருட வருமான வரிக் கணக்கு கேட்பீர்கள். இந்திய வருமான வரிச் சட்டப்படி விவசாய வருமானத்துக்கு வரியே கிடையாது. வேறு வருமானம் இல்லாதவர் கணக்குத் தாக்கல் செய்யத் தேவையும் இல்லை. சொந்தத் தொழில் என்றால் ஜிஎஸ்டி பதிவைக் கேட்பீர்கள். தன் நிலத்தில் விளைந்த வாழைத்தாரை விற்பவருக்கு அதுவும் தேவை இல்லை. சம்பளச் சீட்டு, முதலாளி தரும் விடுப்புக் கடிதம் எல்லாம் பேச்சுக்கே இடமில்லை. படிவத்தில் முதலாளியின் பெயர், முகவரி, தொலைபேசி எண் என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அதில் அவருடைய வீட்டு முகவரியையே எழுதி அனுப்பினேன். வேறு என்ன எழுதுவது?

அதற்குப் பதில் வைத்த காகிதங்கள் வேறு. பட்டா, சிட்டா, எந்த நிலத்தில் என்ன பயிர் என்று காட்டும் அடங்கல். கிராம நிர்வாக அலுவலர் சான்று. தாசில்தார் தந்த வருமானச் சான்று. எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் பெயர்த்து நோட்டரி முத்திரை குத்தி வைத்தேன். பட்டாவில் பாதி நிலம் அந்த அம்மா பெயரில்தான் இருக்கிறது. படிவத்தில் மட்டும் அவர் இல்லத்தரசி, செலவைக் கணவர் ஏற்கிறார். கூட்டுறவு வங்கியில் பயிர்க்கடன் வாங்கிய காகிதத்தையும் சேர்த்திருந்தேன். கடன்காரன் என்று நீங்கள் ஒதுக்கியிருக்கலாம். அந்தக் கடனுக்கு ஈடாக நிலம் ஊரில் கிடக்கிறது என்று நான் வைத்தேன். பெயர் விஷயம் தனிக் கதை. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக நிற்கும், பட்டாவில் அதே அப்பா பெயர் தந்தை பெயர் என்ற இடத்தில் நிற்கும், வங்கியில் வெறும் இனிஷியலாகச் சுருங்கியிருக்கும். மூன்றும் ஒரே ஆள்தான் என்று தனியாக ஒரு பிரமாணப் பத்திரம் வைக்கிறோம். அதை யாராவது படிக்கிறார்களா என்று தெரியாது.

கொஞ்சம் சட்டம் பேசுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் விசா விதித்தொகுப்பு 2009ல் வந்தது. தேவைப்பட்டால் விண்ணப்பதாரரை நேரில் கூப்பிட்டு விசாரிக்கலாம், கூடுதல் ஆவணம் கேட்கலாம் என்று அதிலேயே இருக்கிறது. சாதாரணமாக 15 நாளில் முடிவெடுக்க வேண்டும், தீர விசாரிக்க வேண்டியிருந்தால் 45 நாள் வரை நீட்டிக்கலாம். அப்புறம், ஈரானைச் சேர்ந்த ஒருவர் ஜெர்மனியோடு வழக்காடியபோது ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2013 டிசம்பர் 19 அன்று தீர்ப்புச் சொன்னது. திரும்பிப் போவார் என்பதில் அதிகாரிக்கு நியாயமான சந்தேகம் இருந்தால் மறுக்கலாம், முழு நிச்சயம் தேவையில்லை என்றது. அது உங்களுக்குச் சாதகம்தான். ஆனால் அந்தச் சந்தேகத்துக்கு வரும் முன் ஒவ்வொரு விண்ணப்பத்தையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும், அவருடைய குடும்ப, சமூக, பொருளாதார நிலையைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. வாழை விவசாயியின் பொருளாதார நிலையை அடங்கலைப் பார்க்காமல் எப்படிக் கணக்கில் எடுப்பது?

உங்கள் வேலைப் பளு எனக்குப் புரியாமல் இல்லை. 2024ல் இந்தியாவில் இருந்து மட்டும் 11 லட்சம் விண்ணப்பங்கள் வந்தன, ஏறத்தாழ 15 சதவீதம் மறுக்கப்பட்டன. ஒவ்வொருவருக்கும் பக்கம் பக்கமாக விளக்கம் எழுத முடியாது, சரி. நான் கேட்பது அது இல்லை. சந்தேகம் வந்த இடத்தில், கட்டத்தில் டிக் போடும் முன், ஒரு மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள். ‘இந்தத் தேதியில் வந்த பணம் எது?’ என்று கேட்டிருந்தால் மண்டிச் சீட்டை அன்றைக்கே அனுப்பியிருப்போம். அதையும் மீறி மறுத்தால், டிக்குக்குப் பக்கத்தில் காரணத்தை ஒரே ஒரு வரியில் எழுதுங்கள்.

மேல்முறையீடு இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. நாட்டுக்கு நாடு அதன் வழி வேறு. ஜெர்மனி தூதரகத்திலேயே மறுபரிசீலனை கேட்கும் முறையை 2025 ஜூலை 1 முதல் எடுத்துவிட்டது, இனிப் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், அல்லது பெர்லினில் வழக்குப் போட வேண்டும். பத்து நாள் திருயாத்திரைக்கு லால்குடிக்காரர் பெர்லினில் வக்கீல் வைப்பாரா? புதிதாக விண்ணப்பித்தால் 2024 ஜூனில் இருந்து ஆளுக்கு 90 யூரோ, அதற்கு மேல் விண்ணப்ப மையத்தின் கட்டணம். மறுத்தாலும் அந்தப் பணம் திரும்பாது. கட்டணத்தை நான் பெரிதாகச் சொல்லவில்லை, கட்டிவிடுவார்கள். எதைத் திருத்திக் கட்டுவது என்று தெரியாமல் கட்டுவதுதான் கஷ்டம்.

2024 ஏப்ரலில் இந்தியர்களுக்கு ஒரு சலுகை தந்தீர்கள். மூன்று வருடத்துக்குள் இரண்டு விசா வாங்கி ஒழுங்காகப் பயன்படுத்தியவருக்கு இரண்டு வருட விசா, அதன்பின் ஐந்து வருட விசா. நல்ல ஏற்பாடு, என் வாடிக்கையாளர்கள் சிலருக்கும் கிடைத்திருக்கிறது. அவர்கள் எல்லோரும் மாதச் சம்பளக்காரர்கள். முதல் விசாவே கிடைக்காதவர் அந்த ஏணியில் எங்கிருந்து ஏறுவது?

இன்னொரு விஷயம். விசா விண்ணப்பத்தை முழுக்க இணையத்துக்கு மாற்ற 2023 நவம்பரில் சட்டம் நிறைவேற்றியிருக்கிறீர்கள், எல்லா நாடுகளுக்கும் ஒரே தளம் வரப்போகிறது. தளத்தை வடிவமைப்பவர்களிடம் இப்போதே சொல்லிவையுங்கள். சம்பளச் சீட்டை ஏற்றினால்தான் அடுத்த பக்கம் திறக்கும் என்று வைத்துவிட்டால், இப்போது அதிகாரி செய்வதை அப்புறம் இயந்திரம் செய்யும். விவசாயம் என்று தேர்ந்தெடுத்தால் நில ஆவணமும் கொள்முதல் சீட்டும் ஏற்ற ஓர் இடம் விடுங்கள். கடைக்காரர், மீனவர், நெசவாளர் எல்லோருக்கும் இதே கதைதான்.

அந்தத் தம்பதி மறுபடி விண்ணப்பிக்கப் போகிறார்கள். இந்த முறை மண்டிச் சீட்டுகள், பயிர்க்கடன் பாக்கியைக் கட்டிய ரசீது, பங்குத்தந்தையின் கடிதம் எல்லாம் சேர்க்கிறேன். பழைய மறுப்புத் தாளின் நகலும் உள்ளே இருக்கும். வேறு ஏதாவது வேண்டும் என்றால் படிவத்தில் என் மின்னஞ்சலும் அவர்களுடைய கைப்பேசி எண்ணும் இருக்கின்றன. காலை பத்து மணிக்குமேல் கூப்பிடுங்கள், அதற்கு முன் அவர் தோட்டத்தில் இருப்பார், போனை எடுக்க மாட்டார்.

இப்படிக்கு,
படிவம் நிரப்பித் தரும் ஒருவர்,
திருச்சிராப்பள்ளி