அட்லாண்டாவிலிருந்து அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நாங்கள் எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி குறைந்ததா? மாத்திரையை இடையில் நிறுத்த வேண்டாம் என்று சொல்லுங்கள்.

அன்றைக்குப் போனில் கேட்டீர்களே, கறுப்பர் என்று ஒருவரை ஒதுக்கினால் முதலாளியை இங்கே ஜெயிலில் போடுவார்களா என்று. பெரும்பாலும் இல்லை அப்பா. இது சிவில் வழக்கு. பாதிக்கப்பட்டவரே வழக்குத் தொடுக்கலாம். கோர்ட் குமாஸ்தாவாகவே காலம் தள்ளிய உங்களுக்கு இதன் உள்விவரம் பிடிக்கும் என்றுதான் நீளமாக எழுதுகிறேன்.

எங்கள் ஊர் நடுவே, கோர்ட்லாண்ட் தெருவில், முன்பு 'ஹார்ட் ஆஃப் அட்லாண்டா மோட்டல்' இருந்தது. 216 அறைகள், கறுப்பருக்கு ஒன்றுகூடக் கிடையாது. 1964 ஜூலை 2 அன்று ஓட்டலிலும் வேலையிலும் இனம் பார்த்து ஒதுக்கக் கூடாது என்ற குடிமை உரிமைச் சட்டத்தில் ஜனாதிபதி ஜான்சன் கையெழுத்துப் போட்டார். மோட்டல் முதலாளி வக்கீலும்கூட. சில மணி நேரத்திலேயே அந்தச் சட்டம் செல்லாது என்று வழக்குப் போட்டுவிட்டார். டிசம்பர் 14 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அந்த வழக்கைத் தள்ளினார்கள். அங்கே தங்கியவர்களில் முக்கால்வாசிப் பேர் வெளிமாநிலத்தார். மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தை ஒழுங்குபடுத்த நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்பதுதான் காரணம். அதே நாளில் பர்மிங்ஹாமில் ஒரு பார்பெக்யூ கடையும் தோற்றது. அந்தக் கடைக்கு இறைச்சி வெளிமாநிலத்திலிருந்து வந்ததாம்! இந்த நாட்டு அரசியலமைப்பில் சமத்துவம் பேசும் திருத்தம் அரசைத்தான் கட்டுப்படுத்தும், தனியார் கடையை அல்ல என்று 1883-லேயே தீர்ப்பு இருந்ததால் இப்படிச் சுற்றி வர வேண்டியிருந்தது. மனுஷனின் மரியாதையைக் காப்பாற்ற இறைச்சி வந்த வழியைத் தேட வேண்டியிருந்தது எனக்கு இன்னும் நெருடுகிறது. நம் இந்திய அரசியலமைப்பில் 15(2) பிரிவிலேயே கடை, ஓட்டல் என்று நேராக எழுதிவிட்டார்கள்.

ஆனால் எனக்கு இதையெல்லாம்விடப் பெரிதாகப் படுவது வக்கீல் ஃபீஸ். ஓட்டலில் சேர்க்கவில்லை என்று இந்தச் சட்டப்படி வழக்குப் போட்டால் தடை உத்தரவுதான் கிடைக்கும், நஷ்டஈடு கிடையாது. அப்படியானால் ஏழை எந்தக் காசை வைத்து வக்கீல் பிடிப்பார்? தென் கரோலினாவின் பார்பெக்யூ கடைகள் சம்பந்தப்பட்ட வழக்கில் 1968-ல் உச்ச நீதிமன்றம், ஜெயித்தவரின் ஃபீஸைத் தோற்ற கடைதான் பொதுவாகக் கட்ட வேண்டும் என்றது. அந்த ஒரு வரிதான் சட்டத்துக்குக் கை கால் கொடுத்தது என்பேன்.

வேலை விஷயத்தில் நஷ்டஈடும் உண்டு. நாங்கள் சாப்பிடும் அறையில் மைக்ரோவேவுக்கு மேலே, எங்கே புகார் செய்யலாம் என்று ஒரு நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. கம்பெனியே ஒட்ட வேண்டும் என்பது சட்டம். என்னோடு வேலை பார்க்கும் கறுப்பின அம்மா ஒருவர் அதற்குக் கீழே உட்கார்ந்துதான் தன் பழைய கதையைச் சொன்னார். முன்பு ஒரு கிடங்கில் இருந்தாராம். அவருக்குப் பின்னால் சேர்ந்த வெள்ளைக்காரர்கள் ஒவ்வொருவராக சூப்பர்வைசர் ஆனார்கள். இவர் ஒரு சின்ன நோட்டில் தேதி, யார் என்ன சொன்னார், பக்கத்தில் யார் நின்றார் என்று விடாமல் எழுதி வைத்தார். அந்த நோட்டை வைத்துத்தான் வக்கீலே வழக்கை எடுத்தாராம். கடைசியில் சமரசம். எவ்வளவு என்று வெளியே சொல்லக் கூடாது என்று கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். இது எனக்குப் பிடிக்கவில்லை அப்பா. பணம் வந்தது சரி, ஆனால் அடுத்து அங்கே வேலைக்குப் போகிறவருக்கு எப்படித் தெரியும்?

வெளியே தெரிந்தால் பலன் வேறு. 1993-ல் அன்னபோலிஸ் நகரில், ஜனாதிபதியின் பாதுகாப்புப் பணிக்கு வந்த கறுப்பின அதிகாரிகள் ஆறு பேரை 'டென்னீஸ்' (Denny's) என்ற உணவகத்தில் ஒரு மணி நேரம் போலக் காக்க வைத்தார்கள்; கூட வந்த வெள்ளைக்காரர்களுக்குச் சாப்பாடு வந்துவிட்டது. நாடே பேசியது. அடுத்த வருஷம், இதுபோன்ற வழக்குகளை முடிக்க அந்த நிறுவனம் சுமார் 5.4 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது.

சித்தப்பா மகன் இங்கே வேலைக்கு வருகிறான் என்றீர்கள். பிறந்த நாட்டை வைத்து வேலையில் ஒதுக்குவதையும் இந்த 1964 சட்டம் தடுக்கிறது, குடியுரிமை இல்லாவிட்டாலும் பொருந்தும். ஆனால் கம்பெனியில் 15 பேராவது இருக்க வேண்டும், ஜார்ஜியாவில் 180 நாளுக்குள் சம வேலைவாய்ப்பு ஆணையத்தில் புகார் தர வேண்டும். அவனிடம் மறக்காமல் சொல்லுங்கள். ஒரு நோட்டும் வாங்கி வைத்துக்கொள்ளட்டும்.

உங்கள் அன்பு மகள்