ஒண்ணுல போன நம்பர்

குமுளி

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுகிறேன். நேற்று போனில், ஆன்லைன் ரம்மியில் போன பணத்தைப் பற்றி நீ சொல்லி முடிப்பதற்குள் கத்திவிட்டேன். ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்லணும்.

2003-ல் தமிழ்நாட்டில் லாட்டரியைத் தடை செய்த பிறகு கம்பம், கூடலூர் ஆட்கள் லோயர் கேம்ப் மலையேறி இங்கே கேரளா லாட்டரிச் சீட்டு வாங்க வந்தார்கள். ஏலக்காய்க் கடையில் எடை போட்டுக்கொண்டிருந்த நானும் சேர்ந்துகொண்டேன். பின்னாளில் தினமும் மூணு மணிக்குக் குலுக்கல் என்றானது. ரெண்டரைக்கே உள்ளங்கை வேர்க்கும், நெஞ்சு படபடக்கும், தராசில் கண் நிற்காது. பரிசை விட அந்த அரை மணி நேரம்தான் என்னை இழுத்தது. ஒரு நாள் 4731 வைத்திருந்தேன், 4732 விழுந்தது. 'ஒண்ணுல போச்சே' என்று மறுநாள் ஒரே நம்பரில் பல சீட்டுகளைச் செட்டாகவே வாங்கினேன். யோசித்துப் பார், அந்த 4731-ம் விழாத சீட்டுதானே? அந்த மாசம்தான் அம்மாவின் தோடு அடகுக்குப் போனது.

பிறகு தேனியில் ஒரு மனநல டாக்டரிடம் போனேன். அவர்தான் இதையெல்லாம் விளக்கினார். வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற விஞ்ஞானி குரங்குகளுக்கு ஓர் அடையாளம் காட்டிப் பழச்சாறு கொடுத்துப் பழக்கினாராம். கொஞ்ச நாளில் சாறு வருவதற்கு முன்பே, அடையாளத்தைக் கண்டதுமே மூளையில் ஆசையைத் தூண்டும் டோபமின் செல்கள் துடித்தன. கிடைக்குமா கிடைக்காதா என்பது சரிபாதியாக இருந்தபோது, காத்திருக்கும் நேரத்துத் துடிப்பு இன்னும் கூடியது. 2009-ல் கேம்பிரிட்ஜில் லூக் கிளார்க் குழுவினர் பார்த்தது என் கதையேதான்: மயிரிழையில் தோற்றவனுக்கும் ஜெயித்தவனுக்கு எழும் மூளைப் பகுதியே எழுந்தது, இன்னும் ஆடணும் என்ற ஆசையும் கூடியது. அமெரிக்க மனநலக் கையேடு 2013-லிருந்து சூதாட்டத்தைக் குடியோடு ஒரே அத்தியாயத்தில் வைத்திருக்கிறது.

எனக்கு ஒரு நாளைக்கு ஒரு குலுக்கல். உன் கையில் நிமிஷத்துக்கு ஒன்று. 2025-ல் சட்டம் போட்டுத் தடுத்த பிறகும் வேறு ஆப் தேடிப் போயிருக்கிறாய் என்றால், உன் உடம்பு எவ்வளவு பழகியிருக்கும் என்று எனக்குப் புரிகிறது. நீ கெட்டவன் இல்லை ஐயா.

விட்டதைப் பிடிக்க இனி ஒரு கைகூட ஆடாதே. நிறுத்தினால் எரிச்சல் வரும், தூக்கம் கெடும். எனக்கும் வந்தது, போனது. அரசாங்கத்தின் மனநல உதவி எண் 14416-க்குப் போன் பண்ணு, தமிழில் பேசலாம், காசில்லை. அப்புறம், கடன் அத்தனையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டு வா, ஒன்றையும் மறைக்காதே. அம்மாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன். சனிக்கிழமை பஸ் இறங்குகிற இடத்தில் நிற்பேன்.

உன் அப்பா