சில்லுக்குள் கிடக்கும் செலவு

ஆசிரியர் அவர்களுக்கு,

பாவித்த கார் வாங்கப் போகும் எங்கள் ஆட்கள் பொனற்றைத் திறந்து பார்ப்பார்கள், ஏசி குளிருதா என்று கை வைத்துப் பார்ப்பார்கள். சில்லுக்குள் டயர் காற்றழுத்தம் பார்க்கும் சென்சர் கிடக்கிறதா என்று கேட்பதில்லை. விற்பவரும் வாய் திறப்பதில்லை. அதை விற்பவர் எழுதித் தரவேண்டும் என்பதற்காகவே இக்கடிதம்.

நான் ஒட்டுசுட்டானில் கார் வைத்து வாடகைக்கு ஓடுகிறேன். பிரித்தானியாவில் ஓடிப் பிறகு இங்கே வந்த 2016ஆம் ஆண்டு வாகனம். பிரித்தானியாவும் அப்போது சேர்ந்திருந்த ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 நவம்பரிலிருந்து விற்ற புதுக் கார்களுக்கு டயர் காற்றழுத்த எச்சரிக்கை கட்டாயம்: காற்றுக் குறைந்தால் சாரதிக்கு முன்னால் ஒரு லைட் எரியும். சில கார்களில் இதை, பிரேக் பிடிக்கும்போது சில்லு இறுகாமல் பார்க்கும் ஏபிஎஸ்ஸே கவனித்துக்கொள்ளும்: காற்றுக் குறைந்த சில்லு சற்று வேகமாகச் சுற்றும், அதை வைத்துக் கண்டுபிடிக்கும். அதற்குச் செலவில்லை. என் காரில் இருப்பது மற்ற வகை, ஒவ்வொரு சில்லுக்குள்ளும் வால்வோடு பூட்டிய சென்சர். அதன் பட்டரி ஐந்து முதல் பத்து வருடம் போகும். பட்டரியை உள்ளே வைத்து வார்த்திருப்பதால் முழுச் சென்சரையும்தான் மாற்றவேண்டும். 2020இல் இறக்குமதி நின்றபின் பழைய வாகனங்களைத்தானே வருடக்கணக்காக இழுத்துக்கொண்டு ஓடினோம். அவற்றின் சென்சர்கள் சாகிற காலம் இது.

எனக்கு ஒன்று பட்டரி முடிந்து போனது. இன்னொன்று டயர் மாற்றும்போது லீவர் பட்டு உடைந்தது. அந்தப் பெடியனை ஏச மனம் வரவில்லை, வெளியில் பார்த்தால் அது வெறும் வால்வுதான்.

கொழும்பில் விசாரித்தால் முதல் கேள்வி, சென்சர் காருக்குச் செய்தி அனுப்பும் அலைவரிசை 315 மெகாஹேர்ட்ஸா 433ஆ என்பது. ஐரோப்பியக் காருக்கு 433. மாறி வாங்கினால் காருக்குக் கேட்காது. சொன்ன விலைக்கு நல்லதொரு டயரே எடுக்கலாம். பார்சலை பஸ்ஸில் போட்டுவிட்டால் மாங்குளத்தில் இறக்கலாம்தான், ஆனால் பூட்டினால் மட்டும் போதாது. புதுச் சென்சரின் இலக்கத்தைக் காரில் பதியவும் வேண்டும். அதற்கான கருவி தேடி யாழ்ப்பாணம் போனேன். கழற்ற, பூட்ட, பலன்ஸ் பார்க்க எல்லாம் தனித்தனிக் காசு. அன்றைய ஹயரும் போச்சு.

“கறுப்பு ரேப் ஒட்டி லைட்டை மறைச்சு விடுங்கோ அண்ணை” என்றார் ஒருவர். பிரித்தானியாவில் 2012இலிருந்து ஓடத் தொடங்கிய காரில் இந்தக் கோளாறு லைட் எரிந்தால் வருடாந்தப் பரிசோதனையில் தேறாது. இங்கே நாங்கள் எடுக்கும் புகைப் பரிசோதனைக்கு அதோடு ஒரு அலுவலும் இல்லை. ஆனால் நெடுங்கேணிப் பக்கம் கிரவலில் ஓடுகிறவனுக்குத் தெரியும், முள் ஏறினால் காற்று உடனே போகாது, மெல்ல மெல்லத்தான் இறங்கும்; அதை நேரத்தோடு சொல்வது இந்த லைட்தான். யானை கடக்கும் இடத்தில் இரவில் ஜாக்கி போட்டுக்கொண்டு குந்தியிருக்க யாருக்கு விருப்பம்?

இன்னொன்று. ஸ்டார்ட் பண்ணியதும் ஒரு நிமிடம் போல மினுங்கிவிட்டு லைட் நின்று எரிந்தால் பெரும்பாலும் சென்சர் கோளாறு. மினுங்காமல் எரிந்தால் காற்றுக் குறைவு. ஒரு சென்சர் செத்து லைட் எந்நேரமும் எரிந்துகொண்டே இருந்தால், மற்றச் சில்லில் காற்று இறங்குவதும் கண்ணில் படாமல் போகும்.

எந்த வகை, எந்த அலைவரிசை, லைட் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பாவித்த வாகனம் விற்பவர்கள் எழுதிக் கொடுப்பதை நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை கட்டாயமாக்க வேண்டும். டயர் கடைத் தம்பிமார் வால்வுக்குக் கிட்ட லீவர் போடாமல் இருந்தால் புண்ணியம். கிளிநொச்சியிலோ புதுக்குடியிருப்பிலோ யாராவது அந்தப் பதியும் கருவியை வாங்கி வைத்தால், மிச்ச இரண்டு சென்சருக்கும் நான் அங்கேதான் வருவேன்.

வாடகைக் கார் சாரதி,
ஒட்டுசுட்டான்.