செவித்திறன் குறைந்த விளையாட்டாளர்களின் குழுப் பயணம்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

குழு மேலாளர்களுக்கும் பயிற்றுவிப்பாளர்களுக்கும் பெற்றோருக்கும் வணக்கம்.

செவித்திறன் குறைந்தோர் அணியை வெளிநாட்டுப் போட்டிக்கு அனுப்ப எங்கள் பயண முகவர் அலுவலகத்துக்கு வருவோர் முதலில் கேட்பது கட்டணத்தைத்தான். அதற்கும் முன்பு பேசவேண்டியது ஒன்று உண்டு. விமான நிலையத்தில் கடைசி நேரச் செய்திகள் பெரும்பாலும் குரலில்தான் வருகின்றன: வாயில் மாற்றம், தாமதம், பெயர் சொல்லி அழைப்பது. அந்தச் செய்தி ஒவ்வொருவர் கண்ணுக்கும் நேராகப் போய்ச் சேர முன்பதிவின்போதே வழி செய்யவேண்டும்.

விமான நிறுவனங்களின் முன்பதிவு முறையில் செவித்திறன் குறைந்த பயணிக்கென 'டிஇஏஎஃப்' (DEAF) என்ற சேவைக் குறியீடு இருக்கிறது. இதற்குக் கட்டணம் இல்லை. பொதுவாகப் பத்துப் பேரோ அதற்கு மேலோ போனால் குழுப் பதிவு. அதில் முதலில் இருக்கைகள் மட்டுமே ஒதுக்கப்படும், பெயர்கள் பிறகுதான் ஏறும். குறியீடோ பெயரோடு ஒட்டுவது. பெயர்ப் பட்டியல் தாமதமானால் குறியீடும் தாமதமாகும். கடைசியில் ஒரு விளையாட்டாளருக்குப் பதில் வேறொருவர் வந்தால், பழைய பெயரோடு குறியீடும் போய்விடும்; புதியவருக்கு மறுபடி போடவேண்டும். போட்டபின் பதில் 'எச்கே' (HK) என்று வந்தால் உறுதி. 'யூசி' (UC) என்று வந்தால் ஏற்கப்படவில்லை. இடையில் விமானம் மாறும் பயணமென்றால் ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனியே பார்க்கவேண்டும். சீட்டை விற்றது ஒரு நிறுவனம், விமானத்தை இயக்குவது இன்னொன்று என்றிருந்தால், இயக்குபவரிடமே உறுதி கேட்கவேண்டும். புறப்பாட்டுக்கு 72 மணி நேரம் முன்பு நாங்கள் எல்லாவற்றையும் ஒருமுறை திரும்பச் சரிபார்க்கிறோம்.

இந்தக் குறியீடு சைகைமொழி பெயர்ப்பாளரைக் கொண்டுவராது. பயணியோடு எழுதியோ சைகையிலோ பேசவேண்டும் என்று ஊழியருக்குச் சொல்வதோடு அதன் வேலை முடிந்தது. பெயர்ப்பாளர் உங்கள் குழுவிலேயே இருக்கவேண்டும், முடிந்தால் இருவர்.

அடிக்கடி நடக்கும் தவறு, 'உதவி தேவை' என்று பொதுவாகச் சொன்னதும் சக்கர நாற்காலிக் குறியீட்டைப் போட்டுவிடுவது. நன்றாக ஓடக்கூடிய இருபது பேருக்கு முன்னால் நாற்காலிகள் வரிசையாக நிற்கும். அது சங்கடம் மட்டுமல்ல, உண்மையில் தேவைப்படுவோர்க்கு நாற்காலி இல்லாமல் போகிறது. செவித்திறன் குறைவு மட்டுமே உள்ளவருக்கு மருத்துவச் சான்றுப் படிவமும் தேவையில்லை. யாராவது கேட்டால் நிரப்பிக் கொடுத்துவிடாமல் எங்களிடம் சொல்லுங்கள்.

எங்கள் கணிப்பில் எல்லாவற்றையும்விட முக்கியமானது தொடர்பு எண். நேரமோ வாயிலோ மாறினால் விமான நிறுவனம் குறுஞ்செய்தியும் மின்னஞ்சலும் அனுப்பும். ஆனால் குழுப் பதிவில் வழக்கமாக ஏறுவது முகவரின் எண்தான்! செய்தி எங்கள் மேசைக்கு வரும், வாயிலில் நிற்பவருக்கு வராது. ஆகவே ஒவ்வொரு பயணியின் சொந்தக் கைப்பேசி எண்ணையும் மின்னஞ்சலையும் அவரவர் பெயரிலேயே பதிகிறோம். அந்த எண் வெளிநாட்டிலும் இயங்கவேண்டும். அங்கு போய் வேறு சிம் அட்டை போடுபவர் புது எண்ணை எங்களுக்கு அனுப்பவேண்டும்.

பெயர்கள் கடப்பிதழில் உள்ளபடியே வரட்டும். நம்மவர் பெயரில் வரும் 'எஸ்/ஓ' (இன்னாரின் மகன்), 'டி/ஓ' (இன்னாரின் மகள்) என்பதிலுள்ள சாய்கோட்டை முன்பதிவு முறை ஏற்காது, ஏனெனில் அங்கே குடும்பப் பெயரைப் பிரிக்கும் குறியே அதுதான். நீங்களாக மாற்றாமல் கடப்பிதழ்ப் பக்கத்தின் படத்தை அனுப்பிவிடுங்கள்.

இருக்கைக்கு வருவோம். அவசர வழி வரிசையில் அமர்பவர் ஊழியரின் வாய்மொழிக் கட்டளையைக் கேட்டுச் செயல்படவேண்டும் என்பதால் அந்த வரிசை உங்கள் அணிக்குக் கிடைக்காது. பக்கத்துப் பக்கத்தில் மூவர் உட்கார்ந்தால் ஒருவர் கை மற்றவருக்குச் சரியாகத் தெரியாது. நடைவழியின் இருபுறமும் எதிரெதிரே உட்கார்ந்தால் தாராளமாகப் பேசலாம். பெயர்ப்பாளர்களில் ஒருவரை முன்னும் ஒருவரைப் பின்னும் நடைவழி இருக்கையில் வைக்கிறோம். இரவு விமானத்தில் விளக்கணைந்தால் சைகையும் நின்றுவிடும். ஆளுக்கொரு சின்னக் கைவிளக்கு இருக்கட்டும்.

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் 1, 2, 3ஆம் முனையங்களில் பாதுகாப்புச் சோதனை வாயிலருகே நடக்கும். 4ஆம் முனையத்தில் குடிநுழைவை ஒட்டி ஒரே இடத்தில். முதல் மூன்றில் வாயில் மாறினால் சோதனைக்கும் புதிதாக வரிசை நிற்கவேண்டி வரலாம். அதனால் குழு சீக்கிரமே வாயிலுக்குப் போய், அறிவிப்புத் திரை தெரியும் இடத்தில் உட்காரவேண்டும். பெயர்ப்பாளர் ஒருவர் முதலில் உள்ளே போகட்டும், மற்றவர் கடைசி ஆளுக்குப் பின்னால் வரட்டும்.

செவிக் கருவியைச் சோதனைத் தட்டில் போடாமல் அணிந்தபடியே போகலாமா என்று ஊழியரிடம் எழுதிக் காட்டிக் கேளுங்கள். அறுவை சிகிச்சையால் உள்காதில் வைக்கும் காக்லியர் கருவியைப் பொருத்தியவரிடம் அதன் அடையாள அட்டை இருக்கவேண்டும். உலோகச் சோதனை வாயில் ஒலி எழுப்பக்கூடும். உபரி லித்தியம் பேட்டரிகள் கைப்பையில் மட்டுமே, முனைகளை ஒட்டுநாடாவால் மூடி. செவிக் கருவியில் போடும் ஸிங்க்-ஏர் பொத்தான் பேட்டரியின் ஒட்டுத்தாளை முன்கூட்டியே உரிக்காதீர்கள். காற்றுப் பட்டதும் அது தீரத் தொடங்கும், திரும்ப ஒட்டினாலும் பயனில்லை. பவர் பேங்க் 100 வாட்-மணிக்குள் இருக்கட்டும் (20,000 எம்ஏஎச் என்றால் ஏறத்தாழ 74). சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், ஸ்கூட் விமானங்களில் 2025 ஏப்ரல் 1 முதல் அதைப் பறக்கும்போது பயன்படுத்தக்கூடாது.

செவித்திறன் குறைந்தோருக்கான உலக விளையாட்டு விழாவான டெஃப்லிம்பிக்ஸ் போன்ற போட்டிகளில் களத்தில் செவிக் கருவி அணியக்கூடாது. கழற்றிய கருவி விளையாட்டுப் பைக்குள் போய், திரும்பும்போது சரக்கோடு ஏறிவிடுகிறது. அதற்கென்று ஒரு பெட்டி வைத்து, கைப்பையில் போட்டாயிற்றா என்று கிளம்புமுன் ஒவ்வொருவரையும் கேளுங்கள்.

பந்துருட்டு (போலிங்) அணிக்கு எடைக் கணக்கு வேறு. 16 பவுண்டுப் பந்து ஒன்று 7.26 கிலோ, மூன்று சேர்ந்தால் பையின் எடை இல்லாமலே 21.8 கிலோ. பொதுவாக ஒரு பை 32 கிலோவைத் தாண்டக்கூடாது என்பதால் உடைகளை வேறு பையில் வையுங்கள். பந்துகளுக்கான கூடுதல் எடையைக் குழுப் பதிவோடு சேர்த்தே வாங்கிவிடலாம்.

குழு உறுதியானதும் எங்களுக்கு வேண்டியவை: கடப்பிதழ்ப் படங்கள், ஒவ்வொருவரின் எண்ணும் மின்னஞ்சலும், கருவி அணிபவர் யார், பெயர்ப்பாளர் யார், பைகளின் எண்ணிக்கையும் எடையும். எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பிலேயே அனுப்பலாம்; விளையாட்டாளர்கள் தாங்களே எழுதிக் கேட்டாலும் நேரடியாகப் பதில் எழுதுவோம்.

அன்புடன்,
குழுப் பயணப் பிரிவு
சிராங்கூன் சாலை, சிங்கப்பூர்