எர்த் கம்பி பற்றி மகளுக்கு

அன்புள்ள அம்மு,

போனில் போகிற போக்கில் ஒன்று சொன்னாய். வெறுங்காலோடு நின்று கம்ப்யூட்டர் பெட்டியைத் தொட்டால் விரலில் சுர்ரென்று இருக்கிறது, பழைய வீடு, அப்படித்தான் இருக்கும் என்றாய். போனை வைத்த பிறகும் அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். பேச்சில் சொன்னால் பாதி காற்றோடு போய்விடும் என்பதால் எழுதுகிறேன். பொறுமையாக முழுவதும் படி.

அது பழைய வீட்டின் குணம் இல்லை. அந்த பிளக் பாயிண்ட்டுக்கு எர்த், அதாவது கசியும் மின்சாரத்தைப் பத்திரமாகக் கொண்டுபோகும் காப்புக் கம்பி, வரவில்லை, அல்லது வழியில் எங்கோ அறுந்திருக்கிறது. கம்ப்யூட்டரின் பவர் சப்ளைக்குள் இரைச்சலை வடிகட்டுவதற்காக ஃபேஸிலிருந்து (மின்சாரம் வரும் கம்பி) ஒன்றும் நியூட்ரலிலிருந்து (அது திரும்பும் கம்பி) ஒன்றுமாகச் சின்னக் கெப்பாசிட்டர்கள் இரும்புக் கூட்டோடு இணைந்திருக்கும். எர்த் இருந்தால் அவை கசியவிடும் துளி மின்சாரம் அதன் வழியே போய்விடும். எர்த் இல்லையென்றால் கூடு 230 வோல்ட்டில் பாதி, கிட்டத்தட்ட 115 வோல்ட்டில் நிற்கும். கெப்பாசிட்டர் வழியே வரும் மின்னோட்டம் மிகச் சிறியது என்பதால் சுர்ரென்பதோடு விடுகிறது. நாளைக்கு அதே பாயிண்ட்டில், உள்ளே வயர் தேய்ந்துபோன ஒரு வாட்டர் ஹீட்டரைச் செருகினால் அப்படி விடாது.

எர்த்தில் பெரிய தொல்லையே, அது இல்லாமலும் வீட்டில் எல்லாம் ஓடும் என்பதுதான். ஃபேஸ் போனால் லைட் அணையும். நியூட்ரல் போனாலும் அணையும். எர்த் போனால் எதுவும் நடக்காது, வருடக்கணக்கில் யாருக்கும் தெரியாது. எதன் இரும்பு உடம்பிலாவது ஃபேஸ் பட்டு, அதை யாராவது தொடும்போதுதான் தெரியும். ஆகையால் "எல்லாம் நன்றாகத்தானே வேலை செய்கிறது" என்று வீட்டுக்காரர் சொன்னால் அதை ஒரு பதிலாக எடுத்துக்கொள்ளாதே.

எர்த் என்ன செய்கிறது என்பதையும் சரியாகத் தெரிந்துகொள். மின்சாரத்தை மண் உறிஞ்சிக்கொள்ளும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். மின்சாரம் தான் கிளம்பிய டிரான்ஸ்பார்மருக்கே திரும்பப் பார்க்கும். எர்த் கம்பியின் வேலை, அதற்குத் தடை குறைந்த ஒரு வழியைத் தயாராக வைத்திருப்பது. மெயினில் எர்த்தும் நியூட்ரலும் முறைப்படி சேர்ந்திருக்கும் வீட்டில், ஒரு கருவியின் இரும்புக் கூட்டில் ஃபேஸ் பட்டவுடன் செம்புக் கம்பி வழியாகவே மின்சாரம் திரும்பும். மொத்தத் தடை 1 ஓம் என்றால் 230 ஆம்பியர் பாயும், 16 ஆம்பியர் எம்.சி.பி. (மின்சாரம் அளவுக்கு மீறினால் தானே விழுந்து துண்டிக்கும் சுவிட்ச்) அந்த நொடியே விழுந்துவிடும். ஆபத்து வந்த வேகத்தில் போய்விடும்.

வீட்டு எர்த் மண்ணில் அடித்த கம்பியோடு மட்டும் நிற்கிறது என்றால் கணக்கு வேறு. மண்ணின் தடை 23 ஓம் என்று வைத்துக்கொள்வோம். பாய்வது 10 ஆம்பியர்தான். 16 ஆம்பியர் எம்.சி.பி. அதைச் சாதாரண லோடு என்று நினைத்து விழாமலே இருக்கும், அந்த இரும்புக் கூட்டில் உயிர்போகும் வோல்ட்டேஜ் நின்றுகொண்டே இருக்கும். இப்படிப்பட்ட வீட்டுக்கு ஆர்.சி.சி.பி. என்ற, மின்கசிவைக் கண்டு துண்டிக்கும் சுவிட்ச் கட்டாயம் வேண்டும். ஃபேஸில் போனதும் நியூட்ரலில் திரும்பியதும் சமமா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லிஆம்பியர் குறைந்தாலே மொத்தத்தையும் துண்டித்துவிடும். ஈரமான உடம்பின் தடை 1000 ஓம் அளவுக்கு இறங்கலாம், அப்போது 230 வோல்ட்டில் 230 மில்லிஆம்பியர் உடம்புக்குள் பாயும். 10 மில்லிஆம்பியர் தாண்டினாலே பிடித்த கையை விட முடியாமல் தசை இறுகிக்கொள்ளும். அதற்கு மேலே போகப் போக இதயத் துடிப்பே குலையும், அந்த அளவுக்குப் போகுமுன் துண்டிக்கத்தான் 30.

ஆர்.சி.சி.பி. இருந்தால் எர்த் எதற்கு என்று கேட்பாய். எர்த் இருந்தால் லீக்கேஜ் தொடங்கிய உடனே அது விழும். எர்த் இல்லாவிட்டால் லீக்கேஜுக்கு வழியே கிடையாது, நீ தொடும்போது உன் உடம்புதான் வழி, அதற்கப்புறம்தான் அது விழும். இரண்டும் வேண்டும் அம்மு. இன்னொன்று, ஒரு கையில் ஃபேஸும் மறு கையில் நியூட்ரலும் பட்டால் ஆர்.சி.சி.பி.க்கு நீயும் ஒரு பல்பும் ஒன்றுதான். அங்கே அது காப்பாற்றாது.

இப்போது சுவருக்குள் இருக்கும் இரும்பு பாக்ஸுக்கு வருகிறேன். அதை யாரும் கண்டுகொள்வதில்லை. மேலே பிளாஸ்டிக் தட்டு மூடியிருக்கிறதே, கை எங்கே படப்போகிறது என்று விட்டுவிடுகிறார்கள். தட்டைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூ பாக்ஸின் மரையில்தான் இறங்கியிருக்கிறது, அதன் தலை பல தட்டுகளில் வெளியே தெரியும். உள்ளே ஒரு ஃபேஸ் வயர் கழன்றோ, தட்டை மூடும்போது நசுங்கியோ பாக்ஸைத் தொட்டால் அந்த ஸ்க்ரூத் தலையிலும் ஃபேஸ் வந்துவிடும். மழைக்காலத்தில் ஊறின சுவரென்றால் சுவரே ஷாக் அடிக்கும்.

ஆகவே ஒவ்வொரு இரும்பு பாக்ஸும் எர்த்தோடு சேர்ந்திருக்க வேண்டும். எப்படிச் சேர்த்திருக்கிறார்கள் என்பதும் முக்கியம். பாக்ஸுக்கு வரும் எர்த், அடுத்த பாக்ஸுக்குப் போகும் எர்த் எல்லாவற்றையும் ஒரே கனெக்டரில் இறுக்க வேண்டும். அதிலிருந்து ஒரு துண்டு பாக்ஸின் எர்த் ஸ்க்ரூவுக்கு, இன்னொரு துண்டு சாக்கெட்டின் எர்த் முனைக்கு. சோம்பல்பட்டு சாக்கெட் முனையிலேயே ஒரு வயரை வாங்கி அங்கிருந்தே அடுத்ததற்கு அனுப்பிவிட்டால், என்றைக்கோ யாரோ சாக்கெட் மாற்றக் கழற்றும்போது அதற்குப் பின்னால் உள்ள பாயிண்ட்கள் எல்லாவற்றுக்கும் எர்த் போய்விடும். உன் வீட்டிலும் அப்படித்தான் நடந்திருக்கும் என்பது என் சந்தேகம். எர்த்துக்கென்று தனி ஸ்க்ரூ இருக்க வேண்டும், தட்டைப் பிடிக்கும் ஸ்க்ரூவிலோ பாக்ஸைச் சுவரில் பிடிக்கும் ஸ்க்ரூவிலோ சுற்றிவிடக் கூடாது. அந்த இடத்தில் பெயிண்ட், துரு இருந்தால் பளபளவென்று சுரண்ட வேண்டும். எர்த் வயரை மற்ற இரண்டையும்விடக் கொஞ்சம் நீளமாக விடுவதும் நல்ல வழக்கம், ஏதாவது இழுபட்டால் கடைசியாகக் கழல்வது அதுவாக இருக்கும். பல மூன்று முள் பிளக்குகளில் எர்த் முள் நீளமாக இருப்பதும் இதே காரணத்துக்காகத்தான். முதலில் சேர்ந்து கடைசியில் விடும்.

பிளாஸ்டிக் பாக்ஸ் என்றால் பாக்ஸுக்கு எர்த் தேவையில்லை. சாக்கெட்டுக்கும், இரும்புத் தட்டோ இரும்பு விளக்கோ இருந்தால் அவற்றுக்கும் கட்டாயம் தேவை.

ஒரு மோசடியைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன். எர்த் வராத சாக்கெட்டில் நியூட்ரல் முனையிலிருந்து எர்த் முனைக்கு ஒரு சின்னத் துண்டு வயரைப் போட்டுவிடுவார்கள். மீட்டர் வைத்துப் பார்த்தால் எர்த் இருப்பது போலவே காட்டும், உனக்கு வரும் அந்தச் சுர்ரும் நின்றுவிடும், வேலை முடிந்தது என்று போய்விடுவார்கள். சாக்கெட்டுக்கு முன்னால் எங்காவது நியூட்ரல் கழன்றால், செருகியிருக்கும் கருவியின் வழியே ஃபேஸ் வந்து அதே துண்டு வயரில் ஏறி இரும்புக் கூட்டுக்கு நேராகப் போய்விடும். கருவியில் ஒரு பழுதும் இருக்காது, தொட்டவர் மட்டும் மாட்டிக்கொள்வார். எர்த் இல்லாததைவிட இது கொடியது. மெயினில் இரண்டையும் முறைப்படி சேர்ப்பது வேறு, சாக்கெட்டில் இப்படிச் சேர்ப்பது வேறு. தண்ணீர்க் குழாயில் எர்த் கட்டுவதையும் ஒத்துக்கொள்ளாதே. நடுவில் ஒரு பிளாஸ்டிக் குழாய் வந்தால் எர்த் போச்சு, எர்த் கட்டிய பக்கத்தில் குளிக்கிறவருக்கு ஷாக்.

நீயே வேலை செய்ய வேண்டாம், பார்த்தால் போதும். முதலில் டெஸ்டரை, கரண்ட் வருவது உனக்கு உறுதியாகத் தெரிந்த பாயிண்ட்டில் வைத்து அது எரிகிறதா என்று சோதி. அப்புறம் மெயினை இறக்கு. இன்வெர்ட்டர் இருந்தால் அதையும் நிறுத்து, இல்லையென்றால் மெயின் இறங்கியிருந்தாலும் சில வயர்களில் கரண்ட் இருக்கும். தட்டைக் கழற்றியதும் கை வைக்காமல் ஒவ்வொரு வயரையும் டெஸ்டரால் தொட்டுப் பார். எங்காவது எரிந்தால் அப்படியே மூடிவிடு. எரியவில்லை என்றாலும் வயர்களில் கை வைக்காதே, நியான் டெஸ்டர் சொல்வதை முழுதாக நம்ப முடியாது. பச்சையோ பச்சை-மஞ்சளோ ஒரு வயர் இருக்கிறதா, அது எங்கே போகிறது, பாக்ஸில் இறுக்கியிருக்கிறதா, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே துண்டு வயர் ஏதாவது இருக்கிறதா என்று மட்டும் பார்த்துப் படம் எடு.

மெயின் போர்டில் ஆர்.சி.சி.பி. இருந்தால் அதன் டெஸ்ட் பட்டனை அமுக்கிப் பார், உடனே விழ வேண்டும். ஆனால் அந்தப் பட்டன் அந்தக் கருவியை மட்டும்தான் சோதிக்கிறது, எர்த் கம்பி இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது.

எலக்ட்ரீஷியன் வந்து, ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே மீட்டர் 230 காட்டுகிறது என்று சொன்னால் அதோடு விடாதே. ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் மீட்டர் 230 காட்டும், பழுது வரும்போது அந்த இழை எரிந்துபோகும். லூப் டெஸ்டர் வைத்து எர்த் வழியின் தடையை அளந்து சொல்லச் சொல். புது எர்த் வயர் இழுத்தால் அது ஃபேஸ் வயரின் அளவே இருக்கட்டும், 2.5 சதுர மில்லிமீட்டர் ஃபேஸ் என்றால் எர்த்தும் 2.5. வழியில் அதற்கு சுவிட்சோ ஃபியூஸோ வரக் கூடாது.

அதுவரை அந்த பாயிண்ட்டில் இரும்பு உடம்புள்ள எதையும் செருகாதே, கம்ப்யூட்டரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். லேப்டாப்பில் வேலை பார். வீட்டுக்காரருக்கு இன்றைக்கே எழுத்தில் சொல்லிவிடு. படங்களை எனக்கு அனுப்பு, பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா